ஒற்றைப்படைக்கு இடமில்லை

அத்தியாயம் 9

ஜெயப்பிரியாதான் கொன்றாள் என்று அயனம்பாக்கத்தில் முடிவாகிவிட்டது. போலீஸ் இன்னும் முடிவு செய்யவில்லை. அவர்களுக்கு மனு வரவேண்டும், கையெழுத்து வேண்டும், சாட்சி வேண்டும். ஏரிக்கரையில் காலையில் கைவீசி நடக்கிறவர்களுக்கு அதெல்லாம் எதற்கு? இரண்டு சுற்று நடந்தால் தீர்ப்பு தயார்.

நடந்தது இவ்வளவுதான். ஏரியைப் பார்த்த அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் குடியிருந்த பாண்டியனுக்குச் சிறுநீரகக் கோளாறு. ஜூன் பன்னிரண்டாம் தேதி காலையில், தெருமுனையில் புதிதாகத் திறந்திருந்த 'சுகவாழ்வு ரத்தப் பரிசோதனை நிலைய'த்தில் ரத்தம் கொடுத்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. மனிதர் சந்தோஷத்தில், பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும், தொடக்கூடாது என்று இரண்டு வருஷமாக டாக்டர் சொல்லியிருந்த இளநீரை நாலு நாள் தொடர்ந்து குடித்தார். ஐந்தாம் நாள் காலையில் எழுந்திருக்கவில்லை.

மகன் விஷ்ணு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன். அழுதுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அம்பத்தூர் ஓ.டி.யில், பிரியாணிக் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கும் பரந்தாமனைப் பிடித்தான். பரந்தாமன் ஆவடியில் முப்பது வருஷம் தபால் பிரித்தவர். பெயரைப் படிக்காமல் எண்ணைப் படித்தே மனிதர்களைக் கண்டுபிடிக்கிற பழக்கம் அங்கே வந்தது. அவர் மூன்றே நாளில் ஒரு விஷயத்தைத் தோண்டி எடுத்தார். அதே காலையில், உடற்பயிற்சிக் கூடத்தில் சேருவதற்காக ரத்தம் கொடுத்த லோகேஷ் என்ற இருபத்துமூன்று வயதுப் பையனின் ரிப்போர்ட்டும் பாண்டியனின் ரிப்போர்ட்டும் புள்ளிக்குப் புள்ளி ஒன்று. பையனின் ரத்தத்தைத்தான் கிழவருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

"சோம்பேறித்தனம் சார். ஒண்ணைப் பார்த்து இன்னொண்ணை எழுதிட்டா," என்றான் விஷ்ணு. ரத்தம் எடுக்கிற பெண் ஜெயப்பிரியாவை நிலையத்தில் ஏற்கெனவே வேலையைவிட்டு நிறுத்தியிருந்தார்கள். மனு தட்டச்சாகி அவன் மேஜைமேல் இருந்தது. மாலை ஐந்து மணிக்கு ஸ்டேஷனில் கொடுக்கப்போகிறான். கொடுத்தால் அந்தப் பெண் உள்ளே போவாள். திரும்பி வந்தாலும் எந்தப் பரிசோதனை நிலையமும் அவளை வாசலில்கூட நிற்கவிடாது. "ஒரே ஒரு ஆதாரம் கொண்டாங்க சார்," என்று பரந்தாமனை அனுப்பியிருந்தான்.

ஆதாரம் தேடி அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு நிலையத்துக்குள் நுழைந்தார் பரந்தாமன். பின்னாலேயே ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு உதவியாளர் ஷர்மிளா. இந்த ஷர்மிளாவுக்கு பி.சி.ஏ. படித்த மூன்று வருஷத்தில் நாலு பேப்பர் பாக்கி விழுந்தது. வாயில் மட்டும் எந்தப் பாக்கியும் இல்லை.

நிலைய முதலாளி ஞானசேகரன் பரம்பரையாக இந்த ஊர்க்காரர். தாத்தா நெல் விளைத்த இடத்தில் பேரன் ஊசி குத்துகிறார் என்று ஊரில் சொல்வார்கள். முன்பக்க மேஜைமேல் பதிவு நோட்டைத் தானே எடுத்துப் போட்டார்.

"நல்லாப் பாருங்க சார். ஒளிக்க இன்னா கீது? பக்கத்துக்குப் பக்கம் அந்தப் பொண்ணு கிறுக்கி வெச்சுக்கீது. அச்சடிச்ச நம்பரை அடிச்சிட்டு பேனால எழுதிக்கீது. வேணும்னே பண்ண வேலை."

நோட்டில் இடதுபக்கம் வரிசை எண்ணும் பெயரும் கையால் எழுதியிருந்தன. வலதுபக்கம் கம்ப்யூட்டர் அச்சடித்த ஸ்டிக்கர். அதே எண்ணோடு இன்னொரு ஸ்டிக்கர் ரத்தக் குழாயில் ஒட்டி முகப்பேரில் இருக்கிற தலைமை நிலையத்துக்குப் போகும். அங்கே எண்ணைப் பார்த்துத்தான் சோதனை. பெயரெல்லாம் கிடையாது.

ஷர்மிளா ஸ்டிக்கரை எண்ணினாள். "பதினாறு இலக்கம். ஏன் அண்ணாத்தே, இந்த ஊரு ரத்தத்தை நிலாவுக்கு அனுப்புறீங்களா?"

"கிண்டல் பண்ணாத தங்கச்சி. மொத நாலு கிளை நம்பர். அப்புறம் எட்டு, தேதி. கடசி நாலு, அன்னிக்கு வந்த ஆளோட வரிசை." ஞானசேகரன் முகத்தில் பெருமை வந்தது. "முகப்பேர்ல மூணு வருஷமா இதே புரோகிராம்தான். அங்க கிளை நம்பர் ஆறுல ஆரம்பிக்கும், 6037. யாவாரம் சுமாராத்தான் ஓடுச்சு. இங்க தொறக்கும்போது எண்கணித ஜோசியரைக் கேட்டேன். ஒம்பதுல ஆரம்பிக்கணும், கூட்டினாலும் ஒம்பது வரணும்னாரு. 9108. கூட்டிப் பாரு."

"கூட்டினா ஒம்பதுதான் அண்ணாத்தே. கழிச்சுப் பாத்தா ஒரு ஆளு கம்மியா கீது."

ஞானசேகரன் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தண்ணீர் குடித்தார்.

பரந்தாமன் இருவரையும் கவனிக்கவில்லை. கடிதம் பிரிக்கிறவர் மாதிரியே கட்டைவிரலால் பக்கங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். கண் கடைசி இலக்கத்தில் மட்டும்.

"ஷர்மிளா, பேனாவால திருத்தின இடத்துல மட்டும் வரிசை எண் வாசிம்மா."

"ஒண்ணு. மூணு. அஞ்சு. ஏழு. ஒம்பது." அவள் அடுத்த பக்கத்துக்குப் போனாள். "பதினொண்ணு, பதிமூணு, பதினஞ்சு... சார், இன்னா இது, பஸ் நம்பரா?"

"திருத்தாம விட்டது?"

"ரெண்டு, நாலு, ஆறு." அவள் குரலில் கிண்டல் குறைந்துபோயிற்று. "ரெட்டைப்படை ஒண்ணுலகூட பேனா படல சார்."

பரந்தாமன் நோட்டை ஞானசேகரன் பக்கம் திருப்பினார். "இந்த நோட்டுல அச்சடிச்ச ஒற்றைப்படை எண் ஒண்ணே ஒண்ணு காட்டுங்க."

ஞானசேகரன் புரட்டினார். முன்னே போனார், பின்னே வந்தார். மூன்று வாரத்துப் பக்கங்களில், ஏறத்தாழ ஆயிரம் ஸ்டிக்கர்களில், ஒற்றைப்படையில் முடிகிறது ஒன்றுகூட இல்லை. முதல் ஆளுக்குத் தினமும் 0000 என்று அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டு 0001 என்று பேனாவால் எழுதியிருந்தது.

"மொத போணியே பூஜ்யம்," என்றாள் ஷர்மிளா. "ஜோசியர் இத்தச் சொல்லலியா?"

அவள் செல்போனை எடுத்து எதையோ தட்டினாள். திரையை அவர்கள் பக்கம் நீட்டினாள். பன்னிரண்டாம் தேதிக்கான பதினாறு இலக்கத்தையும், முடிவில் 0011 என்று வருகிற மாதிரி, கொடுத்திருந்தாள். கீழே பதிலாக அதே எண் வந்திருந்தது. முடிவில் மட்டும் 0012.

"நான் போட்டது பதினொண்ணு சார். அது அச்சடிக்கிறது பன்னண்டு. இந்த மாதிரி சின்ன புரோகிராம் எழுதுற பாஷைங்க கீதே, அதுல சிலதுக்கு எண்ணுறதுக்கு ஒரு எல்லை உண்டு. தொண்ணூறு கோடிக் கோடி வரைக்கும் ஒண்ணு விடாம எண்ணும். அதுக்கு மேல போனா ரெண்டு ரெண்டாத்தான் எண்ணும். ஒற்றைப்படைக்கு சீட்டு கெடையாது."

"அப்ப ஒற்றைப்படை எங்கே போகும்?"

"பூந்தமல்லி ஷேர் ஆட்டோல எடமில்லன்னா எங்க போவாங்க? பக்கத்துல இருக்கறவங்க மடிலதான். பதினொண்ணு வந்து பன்னண்டு மடில குந்திக்கும். பதிமூணும் வந்து அதே மடில குந்திக்கும். பாக்கறவங்களுக்கு ஒரே ஆளுதான் தெரியும். இதுல இன்னா அநியாயம்னா, அது தப்புனு ஒரு வார்த்தை சொல்லாது சார். சிரிச்ச முகமா அச்சடிச்சுக் குடுத்துட்டுப் போய்க்கினே இருக்கும்."

அவள் முதல் நாலு இலக்கத்தை 6037 என்று மாற்றினாள். கடைசியில் 0011 ஒழுங்காக வந்து நின்றது.

"முகப்பேர்ல மூணு வருஷம் இதே புரோகிராம் ஒழுங்கா ஓடிக்கீது. ஆறுல ஆரம்பிச்சா எல்லைக்கு உள்ள. நம்ம அண்ணாத்தே ராசின்னு ஒம்பது வெச்சாரு. எல்லை தாண்டிடுச்சு."

பரந்தாமன் ஜூன் பன்னிரண்டாம் தேதிப் பக்கத்துக்கு வந்திருந்தார். ஒன்று முதல் ஒன்பதுவரை ஒற்றைப்படைகளில் பேனாத் திருத்தம். பதின்மூன்றில் திருத்தம். பதினைந்தில் திருத்தம். பதினொன்றில் மட்டும் இல்லை. அங்கே 'பாண்டியன்' என்ற பெயருக்கு நேராக 0012. அதற்குக் கீழே லோகேஷ். அவனுக்கும் 0012.

"ரெண்டு குழாயும் ஒரே எண்ணோட முகப்பேருக்குப் போச்சு. ஒரே ஆளோட ரத்தம்தான் ரெண்டு குழாயில வந்திருக்குன்னு அங்க நினைச்சு ஒண்ணை மட்டும் பார்த்தாங்க. அது பையனோடது. திரும்பி வந்த ரிப்போர்ட்டை, ஸ்டிக்கர்ல பன்னிரண்டுன்னு இருக்கேன்னு பாண்டியனுக்கும் எடுத்துக் கொடுத்தாச்சு." பரந்தாமன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "தினமும் பேனா வைக்கிற பொண்ணு அந்த ஒரு வரியில ஏன் வைக்கல?"

"மறந்துருப்பா. அதான் சார் நானும் சொல்றேன், கவனமே கெடையாது."

"இந்தப் பேரை எழுதினது அந்தப் பொண்ணு இல்லையே." பரந்தாமன் 'பாண்டியன்' மேல் விரலை வைத்தார். பிறகு கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினார். 'காலணிகளை வெளியே விடவும்' என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தது. "நோட்டுல இருக்கிற 'ண்'ணும் இந்த 'ணி'யும் ஒரே கை. கடைசி சுழியை மூடாம வாலை இழுத்து விட்டிருக்கு. கதவுல எழுதினது யாரு?"

ஞானசேகரன் கதவைப் பார்த்தார். தன் கையெழுத்தை முதல்முறையாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார்.

"அரை மணி நேரம் சார்," என்றார் கடைசியில். "அந்தப் பொண்ணை ஒரு ஊட்டுக்கு ரத்தம் எடுத்துக்கினு வர அனுப்பிட்டு நான் குந்திக்கினு இருந்தேன். ரெண்டே ரெண்டு பேரு வந்தாங்க. ஸ்டிக்கர் வந்துச்சு, ஒட்டினேன். சாயங்காலம் ரிப்போர்ட் வந்துச்சு, குடுத்தேன். எனக்கு இன்னா தெரியும்?"

"புரோகிராம் எழுதிக் கொடுத்தது யார்?"

"ஒரு தம்பி. சும்மா எழுதிக் குடுத்தாரு. முகப்பேர்ல இருந்தத பென்டிரைவ்ல போட்டு எடுத்தாந்தேன். பேரு... ஞாபகம் வரல சார்."

முப்பாட்டன் வரப்புத் தகராறு போட்ட ஆட்களின் பெயரைக்கூட வரிசையாகச் சொல்கிற குடும்பம் அது. பரந்தாமன் எழுந்தார்.

*

திருவேற்காட்டில் ஜெயப்பிரியாவின் வீட்டுக் கதவு பாதிதான் திறந்தது. முப்பது வயதிருக்கும். வந்த இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"கேக்க வந்தீங்களா, பாக்க வந்தீங்களா? பாக்கத்தான் நெறைய பேர் வராங்க. தண்ணி கேட்டுக்கினு வருவாங்க, குடிக்க மாட்டாங்க."

"நோட்டைப் பார்த்துட்டு வர்றோம்மா," என்றார் பரந்தாமன். "பன்னிரண்டாம் தேதி, பதினொண்ணாம் வரியில உன் பேனா இல்லை."

கதவு மீதியும் திறந்தது. அவள் உட்காரச் சொல்லவில்லை, அழவும் இல்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"தொறந்த ரெண்டாம் நாளே பாத்துட்டேன். ரெண்டு பேருக்கு ஒரே நம்பர் வருது. மொதலாளி கிட்ட மூணு வாட்டி சொன்னேன். ராசி நம்பரைக் கொறை சொல்லாதன்னாரு. சரி, ஒரு பேனா வாங்கிக்கினேன். தெனம் நோட்டுலயும் குழாயிலயும் நானே மாத்திப் போட்டேன். என் காசுல வாங்கின பேனா சார் அது. இப்ப அதான் சாட்சியாம் எனக்கு."

"அன்னிக்கு நீ இல்லைன்னு ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"பேசாம இரு, அனுபவச் சான்றிதழ் தரேன், வேற எடத்துல சேந்துக்கோன்னாரு. முகப்பேர்லயும் இங்கயுமா அஞ்சு வருஷ வேலை சார். அந்தக் காகிதம் இல்லன்னா நான் ஊசி புடிச்சதே பொய்யாப் பூடும். பேசாம இருந்தேன். பத்து நாள் கழிச்சுக் கேட்டா, கொலகாரிக்கு இன்னா சர்ட்டிபிகேட்டுன்றாரு."

ஷர்மிளாவுக்கு வந்த பதில் எதுவோ, அதை விழுங்கிக்கொண்டாள். அவள் விழுங்கியது இந்த நாவலில் இதுதான் முதல் தடவை.

"மொதலாளியத் தவிர வேற யார்கிட்டயாவது சொன்னியா?" என்றாள்.

"புரோகிராம் தொறந்தா அடியில ஒரு போன் நம்பர் இருக்கும், பிரச்சனைன்னா இதுக்கு அனுப்புங்கன்னு. அனுப்பினேன்." ஜெயப்பிரியா தன் செல்போனைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். ஜூன் மூன்றாம் தேதி. 'சார், லேபிளில் ஒற்றைப்படை நம்பர் எல்லாம் மாறி வருது, ரெண்டு பேருக்கு ஒரே நம்பர் விழுது, கொஞ்சம் பாருங்க சார்.' கீழே பதிலாக மஞ்சள் கட்டைவிரல் ஒன்று. அதற்குப் பிறகு எதுவுமில்லை. "யாருன்னு தெரியாது சார். கட்டைவெரல் காட்டினாரு. பாப்பாருன்னு நெனச்சேன்."

பாண்டியன் ரத்தம் கொடுக்க இன்னும் ஒன்பது நாள் இருந்தபோது அனுப்பியது.

ஷர்மிளா அந்தப் பத்து இலக்கத்தைத் தன் போனில் ஒவ்வொன்றாக அழுத்தினாள். ஒன்பதாவது இலக்கத்தில் கை மெதுவாயிற்று. பத்தாவதை அழுத்தியதும், அழைப்பதற்கு முன்பே, அவள் போன் பெயரைக் காட்டியது. அந்த எண் அதில் ஏற்கெனவே பதிவாகி இருந்தது.

கிளையன்ட் விஷ்ணு.

"சார்," என்றாள். திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

பரந்தாமன் திரையைப் பார்த்தார். நேரத்தைப் பார்த்தார். மூன்றரை.

"நீயும் வாம்மா," என்றார் ஜெயப்பிரியாவிடம்.

*

விஷ்ணு கதவைத் திறந்தபோது பரந்தாமனுக்குப் பின்னால் நின்ற பெண்ணைப் பார்த்து முகம் இறுகியது.

"இவங்களை எதுக்கு சார் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தீங்க? உள்ள அம்மா இருக்காங்க."

"ஆதாரம் கேட்டீங்களே, கொண்டுவந்திருக்கேன். ரெண்டு நிமிஷம்."

கூடத்தில் பாண்டியனின் படம், மாலையோடு. மேஜைமேல் மனு, அதன்மேல் கார் சாவி. ஷர்மிளா நோட்டின் பக்கங்களைப் போனில் படமெடுத்திருந்தாள். அவற்றை அவனிடம் காட்டினாள். பிறகு 9108 என்று ஆரம்பிக்கிற எண்ணைக் காட்டினாள்.

ஷேர் ஆட்டோ விளக்கமெல்லாம் அவனுக்குத் தேவைப்படவில்லை. அவன் அந்தத் தொழில்காரன். பதினாறு இலக்கத்தையும் ஒரு தடவை பார்த்தான். உதடு அசைந்தது, எதையோ கணக்குப் போட்டது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"நான் ஆறுல வெச்சுத்தான் டெஸ்ட் பண்ணேன்," என்றான். யாரிடம் சொல்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. "முகப்பேர்ல வாடகைக்கு இருந்தப்ப எழுதினது. அப்பா அங்க ரொம்ப நேரம் வரிசையில நிக்க வேண்டியிருந்தது. சீக்கிரம் முடியட்டும்னு ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து எழுதிக் கொடுத்தேன். அதுக்குப் பதிலா ஞானசேகரன் சார் அப்பாவுக்கு வரிசை வேண்டாம்னு சொன்னாரு." நிறுத்தினான். "எண்ணுன்னு வைக்காம எழுத்துன்னு வெச்சிருக்கணும். ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டிருந்தா போதும். அவ்வளவுதான் சார். ரெண்டு குறி."

"இதை ஒருத்தர் உங்களுக்குச் சொன்னாங்க," என்றார் பரந்தாமன்.

ஜெயப்பிரியா போனை நீட்டினாள். அவன் வாங்கவில்லை, நின்ற இடத்திலிருந்தே படித்தான். தன் கட்டைவிரலை அடையாளம் கண்டுகொண்டான்.

உள்ளேயிருந்து குக்கர் சத்தம் கேட்டது. யார் வந்திருக்கிறார்கள் என்று அம்மா கேட்டாள். "ஆபீஸ்லேர்ந்தும்மா," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான் விஷ்ணு. அந்தக் கதவைச் சாத்துகிற நேரத்துக்குள் அவன் கொஞ்சம் தேறிவிட்டான் என்றுதான் சொல்லவேண்டும். படித்த பிள்ளைகள் சீக்கிரம் தேறிவிடுவார்கள்.

மேஜைக்கு வந்தான். கார் சாவியை நகர்த்திவிட்டு மனுவை எடுத்து நாலாக மடித்தான்.

"சாரி மேடம். நான் கம்ப்ளெயின்ட் கொடுக்கல. இதோட விட்டுடலாம். உங்க மேல ஒரு கேஸும் வராது. நான் கேரண்டி." பரந்தாமனைப் பார்த்தான். "அம்மாவுக்கு இது தெரியவேண்டாம் சார். தாங்க மாட்டாங்க. எழுதி எதுவும் தராதீங்க, ப்ளீஸ். எல்லாருக்கும் இதுதான் நல்லது."

ஷர்மிளா ஜெயப்பிரியாவைப் பார்த்தாள். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு பெண் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புவாள். ஏரிக்கரையில் நடக்கிறவர்களும் அப்படித்தான் எதிர்பார்ப்பார்கள்: கேஸ் இல்லையாம், பணம் கொடுத்துச் சரிக்கட்டியிருப்பாள், கொன்றது என்னவோ அவள்தான்.

ஜெயப்பிரியா விஷ்ணுவின் கையிலிருந்து அந்தக் காகிதத்தை வாங்கினாள். பிரித்தாள். தன் பெயர் இருந்த வரியை ஒருமுறை படித்தாள். மேஜைமேல் வைத்து மடிப்புகளை உள்ளங்கையால் தேய்த்து நேராக்கினாள்.

"குடுங்க சார்," என்றாள்.

"எதை?"

"மனுவை. ஸ்டேஷன்ல குடுங்க. என் பேரு போட்டே குடுங்க."

"மேடம், நான்தான் வேண்டாம்னு சொல்றேனே..."

"நீங்க விட்டுட்டீங்கன்னா என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க. கூப்பிடலன்னா எங்க போய் சொல்லுவேன்? எங்க தெருவுல பால் போடறவன்கூட என் கையிலேர்ந்து காசு வாங்காம திண்ணைல வெக்கச் சொல்றான். ஸ்டேஷன்ல உக்கார வெச்சிக் கேப்பாங்க இல்ல? நான் சொல்றத எழுதிக்குவாங்க இல்ல? இந்த ஊர்ல நான் சொல்றத எழுதிக்கற எடம் அது ஒண்ணுதான் சார்."

அவள் செல்போனில் மணி பார்த்தாள்.

"நாலே கால் ஆவுது. கையெழுத்து போடுங்க. நானும் உங்ககூடவே வரேன்."